சக்கையோடு ஒரு டம்ளர்

ரொட்டிக்காரர் கழிவறைக்குள் போனால் லேசில் வெளியே வரமாட்டார். விடியலுக்கு முன்பே பேக்கரிக்குப் போய், மாவு பிசைந்து, முதல் தட்டு ரொட்டிகளை அடுப்பிலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டு அவர் வீடு திரும்பும் நேரமும், அவர் மனைவி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும் நேரமும் ஒன்று. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு கழிவறை. செய்தித்தாளோடு உள்ளே போகிறவர் விளையாட்டுப் பக்கம் வரை படித்து முடித்துவிட்டு, போன காரியம் நடக்காமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார். தோளில் கைப்பையோடு வெளியே காத்து நிற்கும் அவள், "என்னாச்சு?" என்பாள். "பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு" என்பார்.

சிரிக்கலாம்தான். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மருந்துக்கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். வருகிறவர் போகிறவரின் வயிற்றுக் கதையெல்லாம் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவள். நாள் முழுக்க வெள்ளை மாவில் புரண்டு, ரொட்டியின் கருகிய ஓரத்தையும் காய்ந்த ரஸ்க்கையும் கடித்துக்கொண்டே காலம் தள்ளுகிற மனிதருக்கு மலச்சிக்கல் வராமல் வேறு யாருக்கு வரும் என்று புலம்பினாள். பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். "நார்ச்சத்து சேர்த்துக்கோங்க. பழம், காய்கறி" என்றார் அவர். டாக்டர் சொன்னது அந்த ஒரு வரிதான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டில் ஒரு ஆட்சியே நடத்த ஆரம்பித்தாள்.

முதலில் கேரட்டை வெட்டித் தட்டில் வைத்துப் பார்த்தாள். "என்னைப் பாத்தா முயல் மாதிரியா இருக்கு?" என்றார். ஆப்பிளைத் தோலோடு கொடுத்தால் தோல் தட்டில் கிடக்கும். சரி, கடிக்கத்தானே அடம், குடிக்க வைக்கிறேன் பார் என்று கனமான மோட்டார் வைத்த மிக்சி ஒன்றை வாங்கி வந்தாள். கேரட், பீட்ரூட், பசலைக்கீரை, ஆப்பிள், எல்லாவற்றையும் போட்டு அரைத்து, அப்படியே டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

அவர் டம்ளரைச் சாய்த்துப் பார்த்தார். அது நகர்வதற்கே யோசித்தது.

"டாக்டரம்மா, இது குடிக்கிறதா, சுவத்துக்கு அடிக்கிறதா?"

மருந்துக்கடைக்குப் போன நாளிலிருந்து அவளுக்கு அவர் வைத்த பெயர் டாக்டரம்மா. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். குடித்து முடித்த கையோடு ஒரு ரஸ்க்கை எடுத்துக் கடித்து, வாயைக் கழுவிக்கொண்ட மாதிரி நிம்மதியானார்.

கொஞ்ச நாள் போனதும் திருட்டுத்தனம் ஆரம்பித்தது. அவள் தலை வாரிக்கொள்ளப் போகும் நேரம் பார்த்து, டீ வடிகட்டியில் ஜூஸை வடிகட்டி, தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுச் சக்கையைக் குப்பையில் போட்டார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"சக்கைலதாங்க சத்தே இருக்கு! அத எடுத்துட்டா மிஞ்சுறது கலர் தண்ணி. அதுக்கு நான் எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்?"

அன்றே அந்த வடிகட்டி குப்பைக்குப் போனது. அதன் பிறகு அந்த வீட்டில் டீயைக்கூட, வெந்நீரில் முக்குகிற டீ பேக் வாங்கித்தான் குடித்தார்கள்.

ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. தொண்டையில் திப்பி தட்டுவதால்தானே இந்த மனிதர் முகம் சுளிக்கிறார் என்று யோசித்து, கைப்பக்குவம் கண்டுபிடித்தாள். கேரட்டையும் பீட்ரூட்டையும் ஆவியில் லேசாக வாட்டிக்கொள்வாள். ஆளி விதையை முதல் நாளே ஊறவைத்துவிடுவாள். கடினமான காய்களைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு முதலில் அரைத்து, ஆறவிட்டு, அப்புறம் பேரிக்காயோ ஆப்பிளோ தோலோடு போட்டு, ஆரஞ்சின் வெள்ளைத் தோலையும் விடாமல் சேர்த்து மறுபடி அரைப்பாள். இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பாள். நறநறவென்று ஏதாவது தட்டுப்பட்டால் மூடியைப் போட்டு இன்னொரு சுற்று. மிக்சி சூடாகிப் புகை வாடை வருகிற வரைக்கும் விடமாட்டாள். சக்கை முழுக்க உள்ளேயே இருக்கும், ஆனால் நாக்குக்குத் தெரியாது. வெண்ணெய் மாதிரி இறங்கும்.

பலன் தெரிந்தது. ஒரு நாள் காலை கழிவறைக் கதவு சட்டென்று திறந்தது. செய்தித்தாள் மடிப்புக்கூடக் கலையவில்லை. "உடன்பாடு கையெழுத்தாயிருச்சு" என்று அறிவித்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்காக அவர் ஜூஸை விரும்பிக் குடித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் ஒரே ஒரு டம்ளர், அதுவும் அவள் எதிரில் நின்றால்தான். மாட்டுத் தீவனம் என்பார், பெயின்ட் என்பார். அவள் திட்டுவாள். அவர் ரஸ்க்கைக் கடிப்பார். ஒரு நாள் இந்தச் சண்டை நடக்காவிட்டால் இருவருக்கும் ஏதோ மறந்துவிட்ட மாதிரி இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வாட்டின ரொட்டி, முட்டை, அவித்த உருளைக்கிழங்கு. அவர் ஒரு துண்டு ரொட்டியை வாயில் வைத்து வெகுநேரம் மென்றார். தண்ணீர் குடித்தார். மறுபடி குடித்தார். எழுந்து முகம் கழுவும் தொட்டிப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்து நின்றார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. இது வேணாம் இன்னைக்கு. உன் ஜூஸ் இருக்கா? இருந்தா ஒரு டம்ளர் குடேன்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கையிலிருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "என்னது? மறுபடி சொல்லுங்க!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அரைத்தாள், சிரித்துக்கொண்டே ஊற்றினாள், அவர் குடித்து முடிப்பதற்குள் தங்கைக்குப் போன் போட்டாள். "உங்க மாமா தானா கேட்டு வாங்கிக் குடிக்கிறாருடி! ஆமாண்டி, சாப்பாடு வேணாமாம், என் ஜூஸ்தான் வேணுமாம்!"

அந்தச் சமயத்தில் அவர் முகத்தைக் கொஞ்சம் சரியாகப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இத்தனை வருஷமாக ஒன்றுக்காக முட்டி மோதியவளுக்கு அது தானாக வந்து மடியில் விழுந்தால், யார்தான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

அதிலிருந்து சாயங்காலமும் ஜூஸ். பிறகு மதியமும். ரொட்டியை முதலில் ஓரம் எடுத்துவிட்டுத் தின்றார், அப்புறம் சூப்பில் ஊறவைத்து, அப்புறம் அதுவும் இல்லை. மேசையிலிருந்த ரஸ்க் டப்பாவைத் திறந்து பார்த்தால் எல்லாம் நமத்துப்போய்க் கிடந்தன. அதை அவள் வெற்றிக்கொடி நாட்டிய மாதிரி கொண்டுபோய்க் கொட்டினாள். அவருடைய தொப்பை இறங்கியது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. ஓட்டை போட்டுக் கொடுத்தவள் அவள்தான், சமையலறைக் கத்தியின் நுனியால்.

மருந்துக்கடையில் தம்பட்டம் அடித்தாள். மலமிளக்கி கேட்டு வருகிறவர்களை நிறுத்தி வைத்து, ஆளி விதையிலிருந்து ஆரஞ்சின் வெள்ளைத் தோல் வரை பாடம் எடுத்தாள். "எங்க வீட்டுக்காரரு ரொட்டி சுடுறவரு. அவரே ரொட்டிய விட்டுட்டாருன்னா பாத்துக்கோங்க" என்பாள். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அதே கடையில் அவள் தினமும் கேட்கிற இன்னொரு கேள்வி உண்டு. பெரியவர்கள் யாராவது மாத்திரைக்குப் பதிலாகத் திரவ மருந்து கேட்டால், எடுத்துக் கொடுக்கும் முன் கேட்பாள்: "ஏன், முழுங்க சிரமமா இருக்கா? எவ்வளவு நாளா? எதுக்கும் டாக்டர்கிட்ட காமிச்சிருங்க." யாரென்று தெரியாதவர்களுக்கெல்லாம் அக்கறையாகச் சொல்லுவாள். வீட்டில் அவர் இரத்த அழுத்த மாத்திரையைக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கி ஜூஸில் கலந்து குடிப்பதைப் பார்த்தபோது மட்டும், "சின்னக் குழந்தைன்னு நெனப்பு" என்று தலையில் குட்டிவிட்டுப் போனாள்.

தங்கை ஒரு முறை வந்திருந்தாள். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா ரொம்ப இளைச்சுட்டாரேக்கா. கழுத்தெலும்பு தெரியுது" என்றாள்.

"தொப்பை கரைஞ்சிருக்குடி. உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் பொறாமை."

தங்கை தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

பிறகு ஒரு காலை. பீட்ரூட் போட்ட ஜூஸ். பாதி குடித்தவர் இருமினார். இருமியதில் சட்டை முன்பக்கமெல்லாம் சிவப்பு. அவள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அவர் கையை ஆட்டி, "பீட்ரூட்டு, பீட்ரூட்டு" என்று சிரித்தார். அவளும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "மெதுவா குடிச்சா என்ன? யாராவது பிடுங்கிக்கவா போறாங்க?" என்று திட்டிக்கொண்டே சட்டையை அலசினாள். கறை போகவில்லை.

அடுத்த வாரம் மறுபடி இருமினார். இந்த முறை அவள் எதிரிலேயே நின்றிருந்தாள். வாயைத் துடைத்த துண்டைச் சுருட்டி மறைக்கப் பார்த்தார். அவள் பிடுங்கிப் பார்த்தாள். சிவப்பு.

அன்றைக்கு அவள் அரைத்தது வெள்ளரிக்காயும் பேரிக்காயும்தான்.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று ஒரு சின்ன அறையில், கம்ப்யூட்டர் திரையைப் பாதி அவர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்த பெரிய டாக்டர் முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"முழுங்குறதுக்கு எப்பலேர்ந்து சிரமம்?"

"இப்பத்தான் டாக்டர். ஒரு மாசம் இருக்கும்" என்றார் ரொட்டிக்காரர். மேசையைப் பார்த்துத்தான் சொன்னார்.

டாக்டர் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு மாசத்துல இவ்வளவு வராதுங்க. புத்துக்கட்டி வந்து உணவுக்குழாய் கிட்டத்தட்ட அடைச்சுப்போச்சு. கல்லீரலுக்கும் போயிருச்சு. முன்னாடியே வந்திருந்தீங்கன்னா ஆபரேஷன் பண்ணி எடுத்திருக்கலாம். இனி அது முடியாது." குரலைத் தாழ்த்திக்கொண்டு, மெய்யாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்: "கெட்டியா சாப்பிட முடியலன்னதும் பொதுவா பயந்துபோய் வந்துருவாங்க. நீங்க எப்படி இவ்ளோ நாள் ஓட்டுனீங்க?"

"ஜூஸ்" என்றாள் அவள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நான் நல்லா நைசா அரைச்சுக் குடுத்தேன்."

"நல்லதாப் போச்சும்மா. அதுதான் அவர் உடம்ப இவ்ளோ நாள் தாங்கியிருக்கு."

அந்த டாக்டர் நல்ல மனுஷர். ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. திப்பி திப்பியாகவே அரைத்திருந்தால், தொண்டையில் சிக்கி, துப்பி, சண்டை போட்டு, என்றைக்கோ டாக்டரிடம் வந்திருப்பாரே! இரண்டு விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து அரைத்தாளே, அந்த விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். இனி வாய் வழியாக ஒன்றும் கிடையாது. எப்படி ஊற்றுவதென்று நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள். பெரிய சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு, குழாயில் பொருத்தி, புனல் மாதிரித் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். முடிந்ததும் வெந்நீர் விட்டு அலச வேண்டும். கொடுத்தனுப்பிய சத்து மாவு இரண்டு வேளைக்கு. நடுவில் சூப்போ ஜூஸோ தரலாம்.

"ஆனா ஒரு விஷயம் அக்கா. நார் துளிகூட இருக்கக் கூடாது. குழாய் அடைச்சுக்கும். ரெண்டு தடவ வடிகட்டிருங்க."

அவள் தலையாட்டினாள். வீட்டில் வடிகட்டி இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. போகிற வழியில் பாத்திரக் கடையில் இறங்கி, கண் நெருக்கமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து ஒன்று வாங்கினாள். அன்று முதல் ஜூஸை அரைத்து, வடிகட்டி, சக்கையைக் குப்பைக்கூடையில் தட்டினாள். தட்டும்போதெல்லாம் அழுதாள். மிக்சி ஓடும் சத்தத்தில் அவருக்குக் கேட்காது என்று அதை வெறுமனே ஓடவிட்டும் அழுதாள்.

எந்த வேலை செய்தாலும் ஒரே கேள்விதான் அவளை அரித்தது. எப்போது ஆரம்பித்தது? அது தெரிந்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தாலும் தெரியாமல் இருக்க முடியவில்லை. இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். "இப்பத்தான்னு டாக்டர்கிட்டயே சொன்னேன்ல" என்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வலிக்கிறதா என்று கேட்டால், இல்லை. பசிக்கிறதா, இல்லை. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒரு பிற்பகல். சன்னல் திரையை இழுத்துவிட்டு, தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்து உட்கார வைத்தாள். சிரிஞ்சைக் குழாயில் பொருத்தினாள். ஊற்றவில்லை. டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ஒரு நாள் சாப்பாடு வேணாம்னுட்டு நீங்களா ஜூஸ் கேட்டீங்களே. அன்னைக்கே இருந்துச்சா?"

அவர் போர்வை நுனியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க. எம்மேல சத்தியமா சொல்லுங்க."

"அதுக்கு முன்னாடியே லேசா இருந்துச்சு" என்றார் கடைசியில். "அன்னைக்கு ரொட்டி நின்னுபோச்சு. நெஞ்சுக்கு நடுவுல. போய்த் துப்பிட்டு வந்தேன்."

"அப்பவே ஏங்க சொல்லல?"

"சொல்லத்தான் வந்து நின்னேன். முதல்ல ஜூஸ் கேட்டேன், தொண்டை எரிஞ்சுது. நீ துள்ளிக் குதிச்ச பாரு…" அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் உன்ன அப்படிச் சிரிக்க வச்சதே இல்ல. தங்கச்சிக்கு வேற போன் போட்டுட்ட. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். மறுநாளும் நீ பாட்டுப் பாடிக்கிட்டே அரைச்ச. எப்படிச் சொல்றது?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என் சிரிப்ப வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண?" அவள் கத்தியது அடுத்த வீடு வரை கேட்டிருக்கும். "யாரு கேட்டா அத? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் ஜென்மத்துக்கும் சிரிக்காமயே உங்ககூட இருந்து கிழவி ஆயிருப்பேனே! உங்க மூஞ்சியத் திட்டிக்கிட்டே இருந்திருப்பேனே!"

அவர் கண்களிலிருந்து நீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கியவர் பாதியிலேயே விட்டுவிட்டார். அவள்தான் முந்தானையால் துடைத்தாள். துடைத்துவிட்டு அதே முந்தானையில் தன் மூக்கையும் சிந்திக்கொண்டாள். கோபம் இன்னும் போகவில்லை. கோபத்தோடேயே டம்ளரை எடுத்து, சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து ஊற்ற ஆரம்பித்தாள். வேளை தப்பினால் அவருக்குத் தலை சுற்றும்.

ஜூஸ் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"இன்னைக்கு என்ன போட்டிருக்க?"

"கேரட். ஆப்பிள்."

அவர் வயிற்றை மெல்லத் தடவிக்கொண்டு அதே பழைய சிரிப்பைச் சிரித்தார். "நல்லா இருக்கு டாக்டரம்மா."

நாக்கில் பட்ட காலத்தில் ஒரு நாளும் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. அவள் ஊற்றுவதை நிறுத்தினாள்.

"வேணாங்க" என்றாள். இப்போது அவள் குரலில் கத்தல் இல்லை. "இனிமே என்னைச் சந்தோஷப்படுத்த ஒண்ணும் சொல்லாதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன். உள்ளத சொல்லுங்க. வலிக்குதா?"

அவர் உதடு வழக்கம்போல இல்லை என்று சொல்லத்தான் பிரிந்தது. அவள் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குது" என்றார்.

"ரொம்பவா?"

"ரொம்ப." அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மாவு பிசைந்த கை. பிடியில் இப்போது வலுவே இல்லை. "பயமாவும் இருக்கு."

அவள் கேட்டு வாங்கியதுதான். வாங்கியதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கையை அவர் பிடித்திருந்தார், இன்னொரு கையால் சிரிஞ்சை உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள். மிச்சமிருந்ததை மெதுவாக ஊற்றினாள். அது இறங்க இறங்க, எங்கே வலிக்கிறது, எப்போதெல்லாம் வலிக்கிறது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் "ம்" கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.